வெள்ளைப்பெட்டி போட்ட எச்சம்

எனக்குக் கோபம் வரும் என்று எல்லோரும் சொல்வார்கள். ஆபீசில் எனக்குப் பேரே பட்டாசு. வரட்டுமே, அதனால் என்ன கெட்டுப்போச்சு? கத்துகிறவன் கத்திவிட்டு டீ குடிக்கப் போய்விடுவான். எனக்குச் சந்தேகமெல்லாம் எந்நேரமும் சிரித்துக்கொண்டே இருக்கிற ஆட்கள் மேலேதான். அப்படி ஒருத்தன் எங்கள் ஆபீசில் இருக்கிறான். அவனுக்கு நான் வைத்த பேர் சுண்ணாம்பு.

நாங்கள் செய்வது வரைபட வேலை. பள்ளிக்கூடப் புத்தகங்களில் மலையும் ஆறும் கடலும் கலர் கலராக வருமே, அது எங்கள் கைவேலை. மூன்றாவது மாடியில் நீளமாக ஒரே அறை, நடுவில் ஒரு தூண். தூணுக்கு அந்தப் பக்கம், ஜன்னலோரமாக, சுண்ணாம்பு உள்பட வெள்ளைப்பெட்டிக்காரர்கள். இந்தப் பக்கம், சுவரோரமாக, கறுப்புப்பெட்டிக்காரர்களான நாங்கள். ரெண்டும் கம்ப்யூட்டர்தான். ஆனால் ரெண்டும் வேறு வேறு கம்பெனி, உள்ளே ஓடுவதும் வேறு வேறு. அதில் வேலை செய்கிறவர்களும் வேறு வேறு ஜாதி ஜனம் மாதிரி ஆகிவிட்டோம்.

அவர்கள் காலையில் வந்ததும் பெட்டியை மெத்து மெத்தென்று ஒரு துணியால் துடைப்பார்கள், ஏதோ பிள்ளைக்கு முகம் துடைத்துவிடுகிற மாதிரி. அதைத் திறந்து உள்ளே என்ன இருக்கிறது என்று பார்த்த தைரியசாலி ஒருத்தனும் கிடையாது. எங்கள் பெட்டிகளுக்குப் பக்கத்து மூடி எப்போதும் கழற்றியே கிடக்கும். ஃபேன் கரகரவென்று கத்தும். கத்தட்டும். எந்தப் பாகம் போனாலும் நாங்களே மாற்றுவோம். டீ கெட்டில்கூட ரெண்டு கட்சிக்கும் தனித்தனி. பிரிண்டர் மட்டும்தான் பொது. அது தூணில் முதுகைச் சாய்த்துக்கொண்டு, யாருக்கும் சொந்தமில்லாமல் நிற்கும்.

இப்படியே ஓடிக்கொண்டிருந்த வண்டியில்தான் மேனேஜர் மேடம் கல்லைப் போட்டார்.

"ரெண்டு விதமான பெட்டியை வச்சு இனிமே மேய்க்க முடியாது. ரெண்டு பக்கமும் ஒரே வரைபடத்தை வரையுங்க. கடலோரப் படம், புத்தகத்துல ரெண்டு பக்கத்துக்கு வர்ற மாதிரி. எது நல்லா இருக்கோ, மொத்த ஆபீசும் அந்தப் பெட்டிக்கு மாறிடும்" என்றார்.

சொல்லிவிட்டு அவர் போய்விட்டார். தோற்றால் என்ன ஆகும்? இத்தனை வருஷமாக என் விரலுக்குப் பழகின குறுக்குவழியெல்லாம் குப்பைக்குப் போகும். தலை நரைத்த வயசில் சுண்ணாம்பு பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, "சார், இதை எங்க சார் அமுக்கணும்?" என்று கேட்க வேண்டும். அவன் சிரித்துக்கொண்டே சொல்லிக் கொடுப்பான். அதுக்கு நான் ஜன்னல் வழியாகக் குதித்துவிடலாம்.

எங்கள் பக்கத்தில் மூன்று பேர். நான், உட்கார்ந்த இடத்தை விட்டு எழுந்திருக்காத கோந்து, அப்புறம் சோடாபுட்டி. கண்ணாடி அவ்வளவு தடிமன், அதனால் அந்தப் பேர். சோடாபுட்டியும் நானும் ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவர்கள். எனக்குக் கூடப் பிறந்தவன் கிடையாது. அந்தக் குறையே தெரியாமல் இவன் இருந்தான். என் பொண்ணு அவனைச் சித்தப்பா என்றுதான் கூப்பிடுவாள். அவன் வந்தால் என் வீட்டுக்காரி கேட்காமலே ரெண்டாவது டம்ளர் டீ வைப்பாள். மலையின் உயரக் கோடுகளை அவன் மாதிரி போட ஆள் கிடையாது. ஆனால் அந்தக் கண்ணை வைத்துக்கொண்டு வேறு எந்த ஆபீசிலும் அவனுக்கு வேலை கிடைக்காது. இது அவனுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அவன் சம்பளத்தில்தான் அவனும் அவன் அம்மாவும் சாப்பிடுகிறார்கள்.

இன்னொரு விஷயமும் சொல்லிவிட வேண்டும். எங்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. வெள்ளிக்கிழமை சாயங்காலம் எங்கள் பக்கத்து வேலை முழுசையும் ஒரு சின்ன டிஸ்க்கில் ஏற்றி, முறை வைத்து ஒருத்தர் வீட்டுக்கு எடுத்துப்போவோம். ஆபீசில் தீ கீ பிடித்தாலும் வேலை பிழைக்கும். விதி ஒன்றே ஒன்றுதான்: வீட்டில் அதை எந்தப் பெட்டியிலும் செருகக் கூடாது. பைக்குள் போனது பைக்குள்ளேயே இருந்து திங்கள்கிழமை வர வேண்டும். மீறினால் வேலை காலி. எல்லோரும் ஒத்துக்கொண்ட விதிதான்.

போட்டிக்காக நான் கடலுக்கு ஒரு வேலை செய்தேன். வழக்கமாக எல்லோரும் ஒரே நீலத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக அடர்த்தியாக்குவார்கள். நான் மூன்று தனி நீலம் எடுத்தேன். கரையோரத்துக்குப் பச்சை கலந்தது, நடுவுக்குச் சுத்தமானது, ஆழத்துக்கு ஊதா கலந்தது. பார்த்தால் உள்ளே விழுந்துவிடுவோமோ என்று இருக்கும். சோடாபுட்டிக்கும் கோந்துக்கும் தவிர யாருக்கும் காட்டவில்லை. வெள்ளைக் கட்சி இந்தப் பக்கம் நடந்தாலே திரையை அணைத்துவிடுவேன்.

அந்த வாரமே, படியில் சுண்ணாம்பு எதிரே வந்தான். பல் தெரியச் சிரித்தான்.

"என்ன சார், கடலுக்கு மூணு நீலமாமே? ஆழத்துல ஊதா வேற. அசத்துறீங்க!"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவனை முறைத்துவிட்டுப் போய்விட்டேன். கத்தாமல் நான் போனது என் வாழ்க்கையிலேயே அன்றைக்குத்தான்.

யாரோ எங்கள் பக்கத்திலிருந்து அங்கே கடத்துகிறார்கள். வேறு எப்படித் தெரியும்? அன்றையிலிருந்து எனக்குத் தூக்கம் போச்சு. கோந்து இருமினால் ஏன் இருமுகிறான் என்று பார்த்தேன். சோடாபுட்டி தண்ணி குடிக்கப் போனால் எந்த வழியாகப் போகிறான் என்று பார்த்தேன். பார்க்கப் பார்க்க ஒன்று உறைத்தது. கோந்து எப்போதும் போலத்தான் இருந்தான். சோடாபுட்டிதான் கொஞ்ச நாளாக ஒரு மாதிரியாக இருந்தான்.

போன் வந்தால் வராண்டாவுக்குப் போய்விடுவான். குசுகுசுவென்று பேசுவான். நான் பக்கத்தில் போனால், "சரி, அப்புறம் பேசுறேன்" என்று வைத்துவிடுவான். முன்பெல்லாம் சனிக்கிழமை என்னோடு சங்கத்துக்கு வருவான். சங்கம் என்றால் கறுப்புப்பெட்டி பயனாளர் சங்கம். நான்தான் செயலாளர். இப்போது கேட்டால் அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்பான். போன சனிக்கிழமை சங்கத்திலிருந்து அவன் வீட்டுக்கு போன் போட்டேன். அவன் அம்மாதான் எடுத்தார்கள். குரல் கணீரென்று இருந்தது. "அவன் வெளிய போயிருக்கானேப்பா. உன்கூட இல்லையா?" என்றார்கள்.

என்கூட இல்லையே அம்மா.

திங்கள்கிழமை எல்லோருக்கும் முன்னால் ஆபீசுக்குப் போய்விட்டேன். அந்த வாரம் டிஸ்க் போனது சோடாபுட்டி வீட்டுக்கு. அவன் வந்ததும் எதுவும் சொல்லாமல் கையை நீட்டினேன். கொடுத்தான். என் பெட்டியில் செருகி, மறைந்திருக்கிற ஃபைல்களையும் காட்டச் சொன்னேன்.

ஒரு விஷயம் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். வெள்ளைப்பெட்டியில் ஒரு டிஸ்க்கைச் செருகினால், அது சும்மா விடாது. திறந்து பார்த்த ஒவ்வொரு ஃபோல்டரிலும் தன் சௌகரியத்துக்கு ஒரு குட்டி ஃபைலைப் போட்டுவிட்டுத்தான் போகும். பேருக்கு முன்னால் ஒரு புள்ளி இருக்கும். அவர்கள் பெட்டியில் அது கண்ணுக்கே தெரியாது. அதனால் அப்படி ஒன்றைப் போட்டோம் என்பதே அவர்களுக்குத் தெரியாது. எங்கள் பெட்டியில் தேடினால் தெரியும். எங்கள் சங்கத்தில் அதுக்குப் பேர் எச்சம். காக்கா உட்கார்ந்த இடத்தில் இருக்குமே, அதுதான்.

டிஸ்க்கில் எச்சம் இருந்தது.

கோந்துவின் ஃபோல்டரில் இல்லை. சோடாபுட்டியின் ஃபோல்டரிலும் இல்லை. என் ஃபோல்டரில் மட்டும், ஒன்று விடாமல், பழைய படம் புதுப் படம் எல்லாவற்றிலும். தேதி சனிக்கிழமை. நேரம், நான் சங்கத்தில் மைக்கைப் பிடித்துக்கொண்டிருந்த நேரம்.

எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. ஆனாலும் அடக்கிக்கொண்டு நூல் விட்டுப் பார்த்தேன்.

"சனிக்கிழமை எங்கடா இருந்த?"

"வீட்டுலதான். ஏன்?"

பொய். என் கண்ணைப் பார்த்துப் பொய்.

அவ்வளவுதான், பட்டாசு வெடித்துவிட்டது. "வீட்டுலயா? உங்கம்மா வேற மாதிரி சொன்னாங்களே! வா, இங்க வா, இதப் பாரு! இது என்னது? உன் வீட்டுல வெள்ளைப்பெட்டி முளைச்சிருக்கா? எத்தன நாளாடா இந்த வேல?" ரெண்டு பக்கமும் எழுந்து நின்று பார்த்தார்கள். கோந்துகூட எழுந்துவிட்டான் என்றால் பாருங்கள்.

சோடாபுட்டி திரைக்கு மூக்கு ஒட்டுகிற மாதிரி குனிந்து பார்த்தான். அந்தப் புள்ளி வைத்த ஃபைல்களைப் பார்த்ததும் அவன் முகம் செத்துப்போச்சு.

"இது இப்படி விட்டுட்டுப் போகும்னு எனக்குத் தோணவே இல்லடா" என்றான்.

"அப்ப நீதான் செருகினியா?"

"ஆமா. நான்தான்."

"எங்க?"

"அத மட்டும் கேக்காத."

"யாருக்காக?"

அவன் கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் துடைத்தான். கண்ணாடி இல்லாத அவன் முகம் யாரோ தெரியாத ஆள் முகம் மாதிரி இருந்தது. "வேற எதுவும் கேக்க மாட்டியா?" என்றான்.

"இன்னும் என்னடா கேக்கணும்? எத்தன மாசமா என் முதுகுல குத்துறன்னு கேக்கணுமா?"

அவன் மறுபடியும் கண்ணாடியைப் போட்டுக்கொண்டான். நானே நேராக மேடம் அறைக்குப் போய்ச் சொன்னேன். மேடம் அவனைக் கூப்பிட்டு ஒரே கேள்விதான் கேட்டார். எங்கே, யாருக்காக? அவன் வாயைத் திறக்கவில்லை.

"அடுத்த திங்கள்கிழமை டைரக்டர் வர்றார். அதுவரைக்கும் வீட்டுல இருங்க. அன்னிக்கு வந்து சொன்னீங்கன்னா பாக்கலாம். சொல்லலேன்னா, எனக்கு வேற வழியில்ல. உங்க இடத்துக்கு ஆள் பாத்துக்குவோம்" என்றார் மேடம்.

சோடாபுட்டி தன் டிராயரிலிருந்து கண்ணுக்கு விடுகிற சொட்டு மருந்தையும் டிபன் டப்பாவையும் மட்டும் எடுத்துக்கொண்டு போனான். தூணுக்கு அந்தப் பக்கம் சுண்ணாம்பு சிரிக்காமல் நின்றதை அன்றைக்குத்தான் பார்த்தேன். நடிப்பு என்று நினைத்துக்கொண்டேன்.

ராத்திரி சாப்பிடும்போது வீட்டில் இதைச் சொன்னேன். சொல்லி முடிப்பதற்குள் என் பொண்ணு தட்டில் கையை வைத்தபடி அப்படியே இருந்துவிட்டாள். முகத்தில் ஈயாடவில்லை.

"சித்தப்பாவுக்கு வேலை போயிடுமா?" என்றாள்.

"போகட்டும். துரோகிக்கு வேலை ஒரு கேடா?"

வீட்டுக்காரி கரண்டியை ணங்கென்று வைத்தாள். "அவர் அப்படிப்பட்ட ஆள் இல்ல. இத்தன வருஷம் பழகினவர். உங்களுக்கே தெரியாதா?"

"அவனே ஒத்துக்கிட்டான்!"

"என்னத்த ஒத்துக்கிட்டார்? ஏன் செஞ்சார்னு நீங்க பொறுமையா ஒரு வார்த்த கேட்டீங்களா?"

நியாயம் கேட்கிறாளாம்! நான் கை கழுவப் போய்விட்டேன். முதுகுக்குப் பின்னால் அம்மாவும் பொண்ணும் ஏதோ குசுகுசுத்தார்கள். திரும்பினேன். நிறுத்திவிட்டார்கள்.

அந்தக் குசுகுசுப்புதான் என்னை அரித்தது. அந்த வாரம் முழுக்க வீட்டையும் கவனிக்க ஆரம்பித்தேன். பீரோ சாவி எப்போதும் ஆணியில் தொங்கும், இப்போது இல்லை. கேட்டால், "எங்கயாவது இருக்கும்" என்றாள். பொண்ணு அறைக் கதவு சாத்தியே கிடந்தது. அவளுக்காக என் கையாலேயே பாகம் பாகமாக வாங்கிச் சேர்த்து ஒரு கறுப்புப்பெட்டி செய்து கொடுத்திருந்தேன். அவள் இல்லாத நேரம் அதைப் போய்ப் பார்த்தேன். கீபோர்டில் தூசி! விரலால் கோடு போடலாம், அவ்வளவு தூசி. ராத்திரி பகலாக டிசைன் காலேஜுக்குத் தயார் பண்ணுகிறேன் என்கிறாளே, எதில் பண்ணுகிறாள்? காற்றிலா? யாரோ ஒரு பையன் விவகாரமோ, போனிலேயே குடித்தனம் நடத்துகிறாளோ என்று என் புத்தி எங்கெங்கோ போச்சு. வெளியேயும் துரோகம், வீட்டிலும் துரோகம் என்றால் மனுஷன் எங்கே போய்ப் படுப்பான்?

சனிக்கிழமை வந்தது. சங்கத்தில் அன்றைக்கு என் பேச்சு. தலைப்பு, 'வெள்ளைப்பெட்டியிடம் ஏமாறாதீர்கள்'. சட்டையெல்லாம் தேய்த்துப் போட்டுக்கொண்டு கிளம்பினேன். கிளம்பும்போது, "எப்ப வருவீங்க?" என்று வீட்டுக்காரி கேட்டாள். கேட்ட விதம் சரியில்லை. நான் எப்போது வருவேன் என்பதைவிட, எவ்வளவு நேரம் வர மாட்டேன் என்று தெரிந்துகொள்கிற கேள்வி அது. "லேட்டாகும்" என்றேன். பஸ் ஸ்டாப் வரைக்கும் போனேன். பஸ்ஸும் வந்தது. ஏறவில்லை.

பூனை மாதிரி மாடிப்படி ஏறி வந்தேன். வெளிக்கதவை என் சாவியால் சத்தம் வராமல் திறந்தேன். வீட்டுக்காரி சமையலறையில் குழாயைத் திறந்துவிட்டிருந்தாள். பொண்ணு அறைக்குப் பக்கத்தில் போய் நின்று காதை வைத்தேன்.

டொய்ங்.

அந்தச் சத்தம்! தூணுக்கு அந்தப் பக்கத்திலிருந்து தினமும் காலையில் கேட்கிற சத்தம். வெள்ளைப்பெட்டி கண் விழிக்கிற சத்தம். என் வீட்டில், என் கூரைக்குக் கீழே!

கதவைத் தள்ளினேன். கட்டிலில் போர்வையை விரித்து, அதன்மேல் ஒரு வெள்ளைப்பெட்டி, மடியில் வைக்கிற சின்ன வகை. பீரோவுக்குள் போர்வைக்கு அடியில் இருந்திருக்கிறது என்று பார்த்ததுமே தெரிந்தது. என் பொண்ணு அதைச் சட்டென்று மூடப் போனாள். "மூடாத!" என்று நான் போட்ட சத்தத்தில் சமையலறையில் குழாய் நின்றது.

திரையில் ஒரு வரைபடம். ஒரு ஆறு, அது கடலில் சேருகிற இடம். கடலுக்கு மூன்று நீலம்.

"அப்ப நீதானா? நீதான் சுண்ணாம்புக்குக் குடுத்தியா?"

"சுண்ணாம்பா? அது யாருப்பா?" நிஜமாகவே முழித்தாள். அப்புறம் பொலபொலவென்று அழ ஆரம்பித்தாள். அழுதுகொண்டே சொன்னாள். "காலேஜுல இந்தப் பெட்டிதாம்பா. அட்மிஷனுக்கு ஒரு வேல செஞ்சு காட்டணும். உனக்குப் பிடிச்ச ஒருத்தரோட வேலையப் பாத்துக் கத்துக்கிட்டு, அதே முறையில நீ ஒண்ணு செய்யின்னு சொல்லியிருந்தாங்க. நான் உங்கள எடுத்துக்கிட்டேன்."

"என்னையா?"

"உங்க பழைய படமெல்லாம் பாக்கணும்னு சித்தப்பாகிட்ட நான்தான் கெஞ்சினேன். இந்தப் பெட்டியில உங்க படமான்னு நீங்க கத்துவீங்கன்னு பயம். நீங்க சங்கத்துக்குப் போனப்புறம் சித்தப்பா வந்தார். விதி இருக்கும்மா, முடியாதும்மான்னுதான் மொதல்ல சொன்னார். நான் அழுதேன். அப்புறம் அவரே டிஸ்க்கச் செருகி ஒவ்வொண்ணாக் காட்டினார். உங்கப்பன் இந்த மலையப் போடும்போது மூணு நாள் யாரோடவும் பேசலன்னு சொல்லிச் சொல்லிக் காட்டினார். ஒண்ணக்கூட காப்பி எடுக்க விடல. பாத்துக்கோ, உன் கண்ணுல வச்சுக்கோன்னார்."

வாசலில் வீட்டுக்காரி நின்றாள். ஈரக் கையைத் துடைக்கக்கூட இல்லை.

"இந்தப் பெட்டிய வாங்கச் சொன்னது நான். போன்ல விசாரிச்சு, சனிக்கிழமையெல்லாம் அலைஞ்சு, தெரிஞ்ச இடத்துல பழசாப் பாத்து வாங்கிக் குடுத்தது அவர். உங்ககிட்ட சொல்லியிருந்தா என்ன செஞ்சிருப்பீங்க? சொல்லுங்க."

என்ன செய்திருப்பேன்? குதித்திருப்பேன். அதுகளெல்லாம் பெட்டியே இல்லை என்று ரெண்டு மணி நேரம் பிரசங்கம் பண்ணியிருப்பேன். காலேஜையே மாற்று என்றிருப்பேன். அது எனக்கே தெரியும்.

"ஆபீசுல அவர மாட்டிவிட்டன்னிக்கே சொல்லிடறேன்னு இவ துடிச்சா. அவர்தான் போன்ல இவகிட்ட சத்தியம் வாங்கிட்டார். அட்மிஷன் முடியற வரைக்கும் வாயத் திறக்காத, உங்கப்பனுக்குக் கோபம் அடங்கினா அவனே என்கிட்ட வந்து கேப்பான், அப்ப நான் சொல்லிக்கிறேன்னு. நானும் தினமும் பாத்துக்கிட்டே இருக்கேன். நீங்க கேக்கப் போகவே இல்ல."

நான் கட்டில் விளிம்பில் உட்கார்ந்தேன். என் பொண்ணு போட்ட ஆற்றைப் பார்த்தேன். வளைவு கொஞ்சம் முரடுதான், ஆனால் ஆழத்து ஊதாவை என்னைவிட நிதானமாகப் போட்டிருந்தாள். அந்தப் பெட்டியில் அவ்வளவு நன்றாக வரும் என்று நான் நினைக்கவே இல்லை. எனக்கு வெட்கமாக இருந்தது. பெற்ற பொண்ணு என் வேலையைப் பார்ப்பதற்கு எனக்குத் தெரியாமல் பீரோவைப் பூட்டிக்கொள்ள வேண்டியிருந்ததே!

சோடாபுட்டிக்கு போன் போட்டேன். எடுக்கவில்லை. மறுநாள் வீட்டுக்கே போனேன். "கோயில் குளம்னு எங்கயோ போயிருக்கான்பா" என்று சொன்ன அவன் அம்மா, என்னை உள்ளே கூப்பிடவில்லை.

திங்கள்கிழமை டைரக்டர் வந்தார். மேடம் அறையில் அவர், மேடம், சோடாபுட்டி. சுண்ணாம்பையும் கூப்பிட்டிருந்தார்கள். சோடாபுட்டி மடித்த கடிதம் ஒன்றைச் சட்டைப் பையில் வைத்திருந்தான். ராஜினாமா என்று எனக்கு உடனே பொறி தட்டியது. கூப்பிடாமலே உள்ளே போனேன்.

"டிஸ்க்கச் செருகின வெள்ளைப்பெட்டி என் வீட்டுல இருக்கு சார்" என்றேன். "என் பொண்ணோடது. என் படத்தப் பாக்கணும்னு அவ கேட்டா, இவன் காட்டினான். வேற யாருக்கும் எதுவும் போகல. வேலையவிட்டு யாரையாவது அனுப்பணும்னா என்னை அனுப்புங்க."

நான் வெள்ளைப்பெட்டி என் வீட்டில் இருப்பதாகச் சொன்னதைக் கேட்டு, கண்ணாடிக் கதவுக்கு வெளியே கோந்து வாயைப் பிளந்தான்.

"அப்ப மூணு நீலம் எப்படிப்பா உங்க பக்கம் போச்சு?" என்று மேடம் சுண்ணாம்பைப் பார்த்துக் கேட்டார்.

அவன் தலையைச் சொறிந்தான். "பிரிண்டர்ல கெடந்தது மேடம். சார் ஒரு தாள் போட்டுப் பாத்துட்டு எடுக்காமலே போயிட்டார். நான்தான் எடுத்து அவர் மேஜை மேல கவுத்து வச்சேன். நல்லா இருந்துச்சு. அதத்தான் படியில பாராட்டினேன். சார் மொறைச்சுட்டுப் போயிட்டார்."

பாராட்டினானாம். யோசித்துப் பார்த்தால் அவன் எப்போதும் பாராட்டத்தான் செய்திருக்கிறான். நான்தான் ஒவ்வொரு தடவையும் அதைப் பிரித்துப் பார்த்து உள்ளே விஷம் தேடியிருக்கிறேன்.

டைரக்டர் சோடாபுட்டியைக் கண்டித்தார். விதி விதிதான், இனிமேல் டிஸ்க் முறையில் அவன் கிடையாது என்றார். வேலை போகவில்லை. போகிற போக்கில், "அந்தப் போட்டிய விடுங்க. ரெண்டு பெட்டியும் இருந்துட்டுப் போகட்டும். புதுசா வாங்கறதெல்லாம் இப்போதைக்கு இல்ல" என்றும் சொல்லிவிட்டார். அவ்வளவுதான். இதுக்காகத்தான் நான் இவ்வளவு ஆட்டம் ஆடினேன்.

வெளியே வந்ததும் சோடாபுட்டியின் கையைப் பிடித்தேன். "தப்புதாண்டா. நாலு பேர் முன்னாடி உன்னக் கேட்டேன், அதே நாலு பேர் முன்னாடி மன்னிப்பும் கேக்கறேன். ஆனா நீ ஏண்டா சொல்லல? ஒரு வார்த்த சொல்லியிருந்தா முடிஞ்சிருக்குமே!"

அவன் கையை உருவிக்கொள்ளவில்லை. அப்படியே விட்டிருந்தான். அதுதான் எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

"சொல்லியிருக்கலாம். மொதல்ல பாப்பாவுக்காகத்தான் சொல்லல. அப்புறம் எனக்காகச் சொல்லல. மேடம் கேட்டாங்க, அவங்க கேக்க வேண்டியவங்க. நீ இருக்கியே, இவன் அப்படிச் செஞ்சிருக்க மாட்டான்னு ஒரு தடவ, ஒரே ஒரு தடவ சொல்லுவியான்னு பாத்துக்கிட்டே நின்னேன். கடைசி வரைக்கும் நீ அந்த ஃபைலத்தான் பாத்த."

"சரி, வா. உன் பெட்டியத் தூசி தட்டி வச்சிருக்கேன். டீ போடச் சொல்றேன்" என்றேன்.

"இல்லடா. மேடம்கிட்ட கேட்டுட்டேன். அந்தப் பக்கம் உக்காரப் போறேன்."

"ஜன்னல் பக்கமா? வெள்ளைப்பெட்டிக்கா?" என்னையும் அறியாமல் குரல் உயர்ந்துவிட்டது. இந்தப் பாழாய்ப்போன குரல்! "உனக்கு அது ஒரு மண்ணும் தெரியாதேடா. அவங்கள நம்பி எப்படி இருப்ப?"

"பெட்டி எதுவா இருந்தா என்ன, கத்துக்குவேன். அங்க யாரும் என்னை இதுவரைக்கும் நம்பினதில்ல. அதனால நாளைக்கே அவங்க சந்தேகப்பட்டாலும் எனக்கு வலிக்காது" என்றான்.

சொட்டு மருந்தையும் டிபன் டப்பாவையும் எடுத்துக்கொண்டு தூணைத் தாண்டிப் போனான். சுண்ணாம்பு எழுந்து, தன் பக்கத்தில் ஒரு ஸ்டூலைத் துடைத்துப் போட்டான். கொஞ்ச நேரத்தில் அந்தப் பக்கத்திலிருந்து டொய்ங் என்று சத்தம் வந்தது. சோடாபுட்டி திரைக்கு மூக்கு ஒட்டுகிற மாதிரி குனிந்து, "சார், இதை எங்க அமுக்கணும்?" என்று கேட்டது சுவரோரம் உட்கார்ந்திருந்த எனக்குத் தெளிவாகக் கேட்டது.